பாழூரில் அரசனின் நாய்

கணினி விளையாட்டில் மந்திர உலகமா, அழிந்த உலகமா, எது ஆளை அதிகம் உள்ளே இழுக்கும் என்று நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை என்னிடம் கேட்டுவிட்டீர்கள். தேநீர் வேளையில் கேட்டீர்கள். வேலைக்குச் சேர வந்த அன்றே கேட்டீர்கள். ஒருத்தி என் பிரியாவிடையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள். அப்போதெல்லாம் "ரெண்டுந்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பொய்யில்லை, சோம்பல். இப்போது கை சும்மா இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மரம் நடுவது, வெளிச்சம் வைப்பது, மழைக்கு ஒலி சேர்ப்பது பற்றி நான் சொல்ல மாட்டேன். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு மென்பொருளைக் கற்று முடிப்பதற்குள் நீங்கள் அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். நான் சொல்லப்போவது நான் கெடுத்துக்கொண்ட காரியங்களை. அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

மாத்தளை நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில்தான் நாங்கள் தொடங்கினோம். ஐந்து பேர், நான்கு கணினி, ஒரு மின்விசிறி. முதலாளி ரியாஸ், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய வாப்பா ஏலம், கறுவா, சாதிக்காய் வியாபாரி. மகன் கணினி விளையாட்டுக்கு ஊர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி போடப்போகிறான் என்று கேட்டதும் அந்த மனிதர் யோசித்துவிட்டு, "அதுல வாசம் வருமா மகன்?" என்றாராம். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இந்தத் தொழிலில் அதைவிட நல்ல கேள்வியை அதன் பிறகு நான் கேட்கவில்லை.

நான் அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்தவள். அடுத்தவன் காணிக்கு எல்லை போடுவதுதான் வேலை. ரியாஸுக்கு வரைபடம் புரிந்த ஆள் வேண்டியிருந்தது. எனக்குக் கந்தோரிலிருந்து வெளியே வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருந்த ஒரு சிறு நிறுவனம் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தது. ஆடுகிறவர் ஒரு வீரனாகவோ வழிப்போக்கனாகவோ மாறி, அந்த உலகத்தில் நாள்கணக்காக அலைவார். கதையும் சண்டையும் அவர்களுடையது. காடு, தெரு, வீடு, மழை எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்கள் வேலையைப் பார்த்து பதில் எழுதும் ஒருவர் அங்கே இருந்தார். பெயர் போடமாட்டார். ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதற்கும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி.

முதல் வேலை மந்திர உலகம். மலைநாட்டு அரசு, அடர்ந்த காடு, நடுவே இடிந்த கற்கோயில். பதினான்கு வருடம் அடுத்தவன் வேலிக்குக் கோடு போட்டவளிடம் ஒரு முழு இராச்சியத்தைக் கொடுத்தால் என்ன செய்வாள்? எனக்குத் தலைகால் புரியவில்லை. இடப்பக்கம் ஒரு நீர்வீழ்ச்சி, வலப்பக்கம் ஒன்று. பூவுக்குள்ளிருந்து ஒளி. சுளகு அளவுக்கு நிலா. எங்கள் மாடியில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ரியாஸ் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தார். அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது: "அழகாக இருக்கிறது. இங்கே யாரும் வசிக்கவில்லை."

இரண்டு நாள் கோபத்தில் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கல்யாணத்துக்காக லக்கல பக்கத்துப் பல்லேகமவுக்கு பஸ் ஏறினேன். மலைப்பாதையில் ஓரிடத்தில் மூடுபனி கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி போட்டது போல இறங்கிவிட்டது. கண்டக்டர் கீழே இறங்கி, கைலேஞ்சித் துணியை அசைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார். டிரைவர் அந்தக் கைலேஞ்சியைப் பார்த்தே ஓட்டினார். நான் மட்டும் வாய் திறந்து அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஊர்க்கார அம்மாவோ மடியில் இருந்த தயிர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஷட்டரப் போடுங்களேன், குளிர் அடிக்குது. இந்தப் பனியால எப்பவும் லேட்டு" என்று திட்டினார். அவர் அங்கே வசிப்பவர். நான் வேடிக்கை பார்க்க வந்தவள்.

திரும்பி வந்து ஒரு நீர்வீழ்ச்சியை அழித்தேன். பூக்களின் ஒளியை அணைத்தேன். அரசனுடைய காட்டுப்பாதையில் ஒரு வண்டிக்காரனை வைத்தேன். பனி இறங்கினால் அவன் வண்டியை விட்டிறங்கி, துணியை ஆட்டிக்கொண்டு மாட்டுக்கு முன்னால் முணுமுணுத்தபடி நடப்பான். அடுத்தது கோயில். நம் நாலந்தாவில் நிற்கும் கெடிகே என்ற பழைய கற்கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை மனத்தில் வைத்துத்தான் அதைக் கட்டியிருந்தேன். நூறு பேயை வெட்டி அங்கே போய்ச் சேருகிறவனுக்குப் புதையல் வைப்பதுதான் வழக்கம். நான் கற்படியில் யாரோ துவைத்துக் காயப்போட்ட ஒரு துணியை வைத்தேன். அது இன்னும் ஈரமாக இருக்கும். அவ்வளவுதான். பதில் வந்தது: "இப்போது குளிர்கிறது."

அந்த வரியைத் தாளில் அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். நல்ல மந்திர உலகத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். அது முதல் அடியிலேயே "நான் பொய்" என்று ஒத்துக்கொண்டு, அப்புறம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே போன பிறகு நம்மை அங்கே நிறுத்தி வைப்பது டிராகன் இல்லை, ஈரத் துணிதான்.

இரண்டு வருடம் கழித்து அடுத்த வேலை வந்தது. உலகம் அழிந்து இருபது வருடத்துக்குப் பிறகு மிச்சமிருக்கும் ஒரு சிறு நகரம். பாழூர் என்று நாங்கள் செல்லப்பெயர் வைத்தோம். அந்தச் சமயத்தில்தான் சீலன் வந்து சேர்ந்தார். வன்னிப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது. அம்மாவும் தங்கச்சியும் அங்கேயே இருக்க, தான் மட்டும் நாவுலயில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அறையில் தங்கிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் வந்து போனார். அடையாள அட்டையில் வடக்கு விலாசம், அதைக் கண்டாலே புலியோ என்று சந்தேகிப்பார்கள். போர் முடிவதற்கு ஓரிரண்டு வருடம் முந்திய காலம் அது. அப்படி ஓர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தினம் பஸ் ஏறுவதற்கு எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது. எங்கள் அப்பாவும் வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்தான். ஆனால் நான் பிறந்தது, படித்தது, சண்டை பிடித்தது எல்லாம் மாத்தளையில். என் அட்டையை யாரும் இரண்டு தடவை பார்த்ததில்லை.

பாழூரின் முதல் தெருவை நானே கட்டினேன். அந்த வகை விளையாட்டுகளை வாங்கி ஆடிப் பார்த்துவிட்டு, அவற்றில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். துரு, சாம்பல், கறுத்த வானம், எலும்புக்கூடு, கவிழ்ந்த கார். சீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்ட வந்து மூலை மூலையாகப் பார்த்தார்.

"அக்கா, இதில சனம் இருக்குதோ?"

"இருக்காங்க. இருவது வருஷமா இருக்காங்கன்னு கதையில இருக்கு."

"இருவது வருஷமா ஒருத்தரும் கூட்டேல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "நாங்கள் காட்டுக்க ஓடிப்போய், எட்டு மாசத்தால திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை அக்கா. ஒரு பக்கச் சுவரும் இல்லை. அம்மா முதல் செய்த வேலை வீட்டைச் சுத்தி வளவைக் கூட்டினதுதான். கூட்டி முடிச்சிட்டுத்தான் அழுதவ."

அன்றைக்கே என் தெருவை அழித்தேன். நகரம் முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகள் என்று பார்த்தால் ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் அது ஒன்று.

அவர் கட்டிய ஊரைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. சுவர் இல்லாத ஒரு வீடு, கதவுநிலை மட்டும் நிற்கும். அங்கே இருக்கிறவர்கள் சுற்றி வரலாம், ஆனால் காலடித் தடமெல்லாம் கதவுநிலைக்குள்ளால்தான் போய்வரும். பள்ளிக்கூடக் கரும்பலகை ஒரு குடிசைக்குக் கூரையாகியிருக்கும், அதில் பாதி அழிந்த கணக்கு. தலை போன மரங்கள். சந்தியில் ஓட்டை விழுந்த தண்ணீர்த் தாங்கி, அதன் அடியில் வரிசையாக வைத்த வாளிகள். எல்லாவற்றுக்கும் நடுவே விளக்குமாற்றின் கோடு கோடான தடம் தெரிய, சுத்தமாகக் கூட்டிய ஒரு வளவு. அழிவை நான் பார்த்திருந்தது படங்களில். இவர் அழிவுக்குப் பிறகு காலையில் எழும்புகிற மனிதரைக் காட்டினார். அந்தத் தெருவின் நடுவே நடக்க எனக்குக் கால் வரவில்லை. கணினியில் காலே கிடையாது, இருந்தும் வரவில்லை.

ஊரின் விளிம்பில் எங்கேயாவது இடைவெளி தெரிந்தால் ஆடுகிறவனுக்கு இது பொம்மை என்று தெரிந்துவிடும். சீலன் ஒவ்வொரு இடைவெளியையும் தேடித் தேடி அடைத்தார். ஒரு கல்கூட அந்தரத்தில் நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை எல்லோருக்கும் முன்னால் அவரைப் பாராட்டினேன். "ஒரு பிழையும் கண்டுபிடிக்க ஏலாது" என்றேன்.

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு விதி இருந்தது. படம் வரைந்த காலத்துப் பழக்கம். எந்த ஊரைக் கட்டினாலும் அதன் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, கட்டியவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பென்சிலோடு உட்கார்ந்து அதில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே பயம் வருகிறது, எங்கே பதுங்கத் தோன்றுகிறது, எங்கிருந்து ஆள் பாய்ந்தால் திடுக்கிடும் என்று குறித்து வரவேண்டும். திரையில் விரல் ஓடிவிடும், தாளில்தான் மெதுவாக நடப்போம். காட்டு வரைபடம் அப்படி ஒரு வருடம் பஸ்ஸிலே போய்வந்தது. ஒரு தடவை சோதனைச்சாவடியில் ஒரு பொலிஸ்காரர் அதை விரித்து, டிராகன் குகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சுருட்டிக் கொடுத்தார்.

பாராட்டிய மறுநாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், பாழூர் வரைபடத்தைச் சுருட்டிச் சீலனிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை.

"கொண்டு போகோணுமா அக்கா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சீலன். திங்கக்கிழம குறிச்சுக் கொண்டு வாங்க."

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கேட்டது வரைபடத்தைப் பற்றி இல்லை. நான் ஒரு நிமிடம் நின்று, ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. நாலந்தாவுக்குக் கிட்ட பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அது வழக்கம்தான். வடக்கு விலாசம் உள்ள இளைஞனின் பையிலிருந்து ஒரு நகரத்தின் வரைபடம் வந்தது. அதில் மணல்மூட்டை, தண்ணீர்த் தாங்கி, சந்தி எல்லாம் அளவோடு இருந்தன. ஓரமெல்லாம் தமிழில், பென்சிலில், அழகான கையெழுத்து: "இங்கே பதுங்கலாம்." "இங்கிருந்து இருவர் தாக்குவர்." "தப்பும் வழி இது." இது விளையாட்டு என்று சீலன் சொன்னாராம். யார் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

ரியாஸ் வெளுத்துப் போனார். "லோயர் ஒருத்தரப் பாப்பமா அக்கா?"

"லோயர் வரட்டும். அதுக்குள்ள அந்தப் பேப்பர் பொலிஸ்லேருந்து மேலிடத்துக்குப் போயிருச்சுன்னா ஆளும் கூடவே போயிருவாரு. அப்புறம் எங்க தேடுறது? மெஷினக் கழட்டுங்க, கொண்டு போவோம்."

அந்தக் காலத்துத் திரை ஒரு பெட்டி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கவேண்டும். த்ரீவீலரில் திரை என் மடியில், கணினி ரியாஸின் மடியில். வழி முழுக்க அவர் ஓதிக்கொண்டே வந்தார்.

பொறுப்பதிகாரி நரைத்த மனிதர், மரியாதையாகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பேச்சு முழுக்கச் சிங்களத்தில். மேசையில் பாழூர் விரிந்து கிடந்தது. உள் அறையின் வாங்குப் பலகையில் சீலன் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேர், இந்தப் பென்சில் குறிப்பெல்லாம் நான் எழுதச் சொன்னது. பிழை அவர்ட்ட இல்ல, என்னோட ரூல்" என்றேன்.

அவர் ஒரு குறிப்பில் விரலை வைத்து, அருகிலிருந்தவரை வாசிக்கச் சொன்னார். "இருவர் தாக்குவர்னு இருக்காம். யார் அந்த ரெண்டு பேர்?"

"இன்னும் முடிவாகல சேர். ரெண்டு பேரா மூணு பேரான்னு வெளிநாட்டுலேருந்துதான் சொல்லுவாங்க."

ரியாஸ் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வாழ்க்கையில் நான் உண்மை பேசி அவ்வளவு கெட்டுப்போனதில்லை.

"வெளிநாட்டுலேருந்து" என்று அதிகாரி மெல்லத் திருப்பிச் சொன்னார்.

கணினியையும் திரையையும் இணைத்துப் பூட்டினோம். முதலில் காட்டை ஓடவிட்டோம், நாங்கள் செய்வது விளையாட்டு என்று தெரியட்டும் என்று. கண்டதும் நாலைந்து பொலிஸ்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வண்டிக்காரன் பனியில் இறங்கி முணுமுணுத்ததும் ஒரு சார்ஜன்ட், "இது நம்ம லக்கல ரோட்டு!" என்று கத்தினார். அதிகாரிகூடச் சிரித்தார். அப்புறம், "நல்லா இருக்கு மிஸ். இது விளையாட்டுதான். நான் கேட்டது இந்தப் பேப்பர" என்றார்.

பாழூரைத் திறந்தேன். அது அரைகுறை வேலை. பேயும் இல்லை, வீரனும் இல்லை, சனத்தையும் இன்னும் இறக்கவில்லை. வெறும் ஊர்.

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். அதிகாரி மௌஸைத் தன் கையில் எடுத்தார். காட்டில் எல்லோரையும் போலப் பாதையின் நடுவே நடந்தவர், இங்கே தெருவின் நடுவே இறங்கவில்லை. சுவரோடு சுவராகப் போனார். மூலையில் நின்று, எட்டிப் பார்த்து, அப்புறம்தான் தாண்டினார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஊருக்குள் அப்படி முழுதாகப் போன மனிதரை நான் கண்டதில்லை.

சந்தியில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நின்றார். "மே கொஹெத?" என்று கேட்டார். இது எங்கே?

"எங்கேயும் இல்ல சேர்."

"நான் ரெண்டு வருஷம் வடக்குப் பக்கம் இருந்தவன் மிஸ். எனக்கு இந்தச் சந்தியத் தெரியும். என்கிட்டப் பொய் சொல்லாதீங்க."

என் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அதுவே சீலனை உள்ளே தள்ளப்போகிறது. ஒரு பிழை தேடினேன். அந்தரத்தில் ஒரு கல், சுவரில் ஓர் இடைவெளி, விளிம்பில் ஒரு வெறுமை, ஏதாவது ஒன்று இருந்தால் "பாருங்கள் சேர், பொம்மை" என்று காட்டிவிடலாம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று வியாழக்கிழமை நானே கைதட்டியிருந்தேன்.

பிழை கிடைக்காது என்றானதும்தான் புத்தி வந்தது. உண்மையான ஊரை யாராலும் நினைத்தபடி மாற்ற முடியாது. "சேர், இது நாங்க வச்ச ஊர். எத மாத்தணும்னு நீங்களே சொல்லுங்க, உங்க கண் முன்னால மாத்துறோம். ஆனா செஞ்சவர்தான் மாத்தணும், எனக்கு அது சரியா வராது" என்றேன்.

அவர் சம்மதித்தார். சீலனைக் கொண்டுவந்து தன் பக்கத்துக் கதிரையில் இருத்தச் சொன்னார். தாங்கியை நகர்த்து என்பார், சந்தியை மூடு என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கூட்டிய வளவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய் எங்க?" என்றார். "ஆள் இல்லாத ஊருக்குப் போனா முதல்ல நிக்கிறது நாய்தான். வாசல்ல நிக்கும். நாங்க போனா பின்னாலயே வரும். இவ்வளவும் செஞ்சவர் நாய ஏன் விட்டாரு?"

நான் தமிழில் சொன்னேன். சீலன் முதல் தடவையாக நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தார்.

"வேணுமெண்டுதான் அக்கா வைக்கேல்ல. ஓடேக்க எங்கட நாயை விட்டிட்டுத்தான் நாங்கள் ஓடினனாங்கள். திரும்பி வரேக்க அது இல்லை."

அதை அதிகாரியிடம் சொல்லவேண்டாம் என்று ரியாஸ் கண்ணாலேயே காட்டினார். அது சீலனின் சொந்த ஊர் என்று ஒத்துக்கொள்வதாகிவிடும். எனக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து அந்த அறையில் ஒருவரும் மற்றவர் சொன்னதை நம்பவில்லை, இப்போதுதான் ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் உண்மையான கேள்வி கேட்டிருக்கிறார். சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி மௌஸைச் சீலன் பக்கம் தள்ளினார்.

"இருக்கிற நாயை வையுங்க சீலன்" என்றேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நாய். மந்திர உலகத்து அரசனின் வேட்டை நாய். சீலன் அதை எடுத்து வளவு வாசலில் வைத்தார். கொழுத்த, பளபளக்கும் வெள்ளை நாய், கழுத்தில் கல் பதித்த தங்கப் பட்டி. வாலைத் தூக்கிக்கொண்டு, கரும்பலகைக் கூரைக்கும் ஓட்டைத் தாங்கிக்கும் நடுவே அரண்மனை முற்றத்தில் நிற்பது போல நின்றது. யார் முதலில் வருகிறாரோ அவர் பின்னால் போவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. அதிகாரி மௌஸைத் திரும்ப வாங்கித் திரையில் நகர்ந்தார், அது பின்னால் போனது. நின்றார், நின்றது.

சார்ஜன்ட்தான் முதலில் வெடித்தார். "ராஜாவோட நாய் பஸ் மாறி ஏறிருச்சு சேர்!" விலகிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், ரியாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்து மௌஸை மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பட்டியக் கழட்டிருங்க, பாவம்" என்றார்.

வரைபடம் என் உத்தரவில் வரைந்தது, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சீலனை அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை வந்த அதிகாரி, "இனி இந்த மாதிரிப் பேப்பர ரோட்டுல கொண்டு போகாதீங்க. போனாலும் என்னன்னு எழுதி வைங்க" என்றார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு வேறொருவர் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது சீலன் திரையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். "அவர் சொன்ன சந்தி அதில்லை அக்கா. நாலைஞ்சு ஊரைச் சேத்துத்தான் கட்டினனான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வளவு மட்டும் எங்கட" என்றார்.

"வெள்ளிக்கிழம நீங்க கேட்டீங்கல்ல, கொண்டு போகணுமான்னு. நான் காது குடுக்கல. என்னை மன்னிச்சிருங்க சீலன்."

"நீங்கள் வந்தீங்கள்தானே அக்கா" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன்.

மறுநாளே ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் "இது விளையாட்டு" என்று இருக்கும். அதைக் குத்தாமல் ஒரு தாளைக் கையில் எடுக்க விடவில்லை, குத்தியும் ஒரு தாள் மாடிப்படி இறங்கவில்லை. நீங்கள் பழைய அலுமாரியில் கண்டு சிரித்த முத்திரை அதுதான். நாயின் பட்டியைச் சீலனே கழற்றினார். விலா எலும்பு தெரிய இளைக்கவைத்து, ஒரு காதைக் கிழித்து, வளவு வாசலில் விட்டார். வெளிநாட்டிலிருந்த அந்தப் பெயரில்லாதவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "நாயை எடுத்துவிடாதீர்கள்."

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இரண்டையும் நான் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடுகிறேன், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மந்திர உலகத்தில் நீங்கள் கடன் வாங்குவது பனியிடமும் மலையிடமும். அவை கோபிக்கமாட்டா. அழிந்த உலகத்தில் எடுப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய வளவிலிருந்து. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இழுக்கிறது. அதைக் கட்டுகிறவர் உங்கள் பக்கத்து மேசையில் இருந்து "கொண்டு போகோணுமா?" என்று கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

போர் முடிந்த வருடம் மாதக்கணக்காகச் சீலனுக்கு வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. பிறகு அம்மாவும் தங்கச்சியும் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருப்பது தெரிந்தது. சனத்தைத் திரும்பப் போக விட்டதும் அவர் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு போனார். ஒரு நாள் காலை கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"அக்கா, வந்து சேந்திட்டம். வீடு இல்லை. கதவுநிலை மட்டும் நிக்குது. அம்மா அதுக்குள்ளாலதான் போய்வாறா."

"அம்மா என்ன செய்றாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"வளவு கூட்டுறா" என்றார். "எங்கேயிருந்தோ ஒரு நாய் வந்து நிக்குதக்கா. அவவின்ர பின்னாலயே போகுது."